அமெரிக்க வீட்டின் அட்டிக்: காற்றோட்டம் எவ்வளவு தேவை? கணக்கிடுவது எப்படி?

அமெரிக்காவில் வீடு வாங்கும் நம்மவர்கள் கிச்சன், ஸ்கூல், ஆபீஸ் தூரம் எல்லாம் பார்ப்பார்கள். தலைக்கு மேலே இருக்கும் அட்டிக்கையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. பின்னாடி பெரிய செலவு வைக்கிற இடம் அது!

அட்டிக் என்றால்?

சரிவான கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள முக்கோண இடம். நம்ம ஊர் ஓட்டு வீட்டில் ஓட்டு இடுக்கு வழியாகவே காற்று போய்வரும். அங்கே பலகை அடித்து, மேலே ஷிங்கிள் பதித்து மூடிவிடுவார்கள். அதனால் காற்றுக்குத் தனியாக வழிவிட வேண்டும்.

வழி இல்லைன்னா?

குளிர்காலத்தில் சமையல், குளியல் ஈரம் மேலே ஏறி, குளிர்ந்த கூரைப் பலகையில் பட்டு நீராகும். பூஞ்சை பிடிக்கும், மரம் உளுத்துப்போகும்.

கணக்கு என்ன?

பல மாகாணங்கள் பின்பற்றும் ஐ.ஆர்.சி. கட்டட விதிப்படி, அட்டிக் தரைப்பரப்பில் 150-ல் ஒரு பங்கு திறப்பு வேண்டும். அதில் 40 முதல் 50 சதவீதம் கூரை உச்சியிலும், மீதி கீழ் ஓரத்திலும் இருந்தால் 300-ல் ஒரு பங்கே போதும். மின்னசோட்டா போன்ற கடும் குளிர்ப் பகுதிகளில் சீலிங்கில் ஈரத்தடுப்பும் இருக்க வேண்டும்.

உதாரணமாக, 1,500 சதுர அடி அட்டிக்: 1,500 ÷ 300 = 5 சதுர அடி, அதாவது 720 சதுர அங்குலம். மேலே 360, கீழே 360. அவ்வளவுதான்.

ஓர் அடி நீளத்துக்கு 18 சதுர அங்குலம் தரும் ரிட்ஜ் வென்ட் என்றால், உச்சியில் 20 அடி. 9 சதுர அங்குலம் தரும் சாஃபிட் வென்ட் என்றால், கீழ் ஓரங்களில் மொத்தம் 40 அடி.

எங்கே தவறுகிறது?

* ஓட்டையின் அளவை அப்படியே எடுக்காதீர்கள். வலை, தகடு போக மிஞ்சுவதே கணக்கு. பாக்கெட்டில் 'நெட் ஃப்ரீ ஏரியா' என்று இருக்கும்.
* கீழே வழி குறைவாக இருக்க, மேலே மட்டும் வென்ட், ஃபேன் என்று கூட்டினால், வீட்டுக்குள் இருக்கும் ஏசி காற்றைத்தான் உறிஞ்சும். கரண்ட் பில் ஏறும்.
* இன்சுலேஷன் சாஃபிட்டை அடைத்திருந்தால், வென்ட் இருந்தும் பயனில்லை.
* பாத்ரூம் ஃபேனின் குழாய் அட்டிக்கில் முடியக் கூடாது. வெளியே போக வேண்டும்.

கூரையின் உட்புறம் முழுக்க ஸ்ப்ரே ஃபோம் அடித்து மூடிய அட்டிக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

வீட்டைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டரிடம் 'எத்தனை வென்ட் இருக்கு?' என்று கேட்காதீர்கள். 'கீழே எவ்வளவு, மேலே எவ்வளவு?' என்று கேளுங்கள்.