அடுத்த பரிசோதனை வரையிலான நாள்கள்

புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. மருத்துவரைச் சந்தித்துவிட்டுக் கணவனும் மனைவியும் வெளியே செல்வர். சற்று நேரத்தில் மனைவி மட்டும், மருந்துச் சீட்டை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வருவார். சீட்டு அவர் கையிலேயே இருக்கும். "டாக்டர், உண்மையைச் சொல்லுங்கள். இன்னும் எத்தனை நாள்?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார். அடுத்த முறை கணவர் தனியே வந்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, "அவளிடம் சொல்லிவிடாதீர்கள்" என்பார். ஒரே வீட்டில், ஒரே அச்சத்தை, இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் சுமந்துகொண்டிருப்பர்.

வாழ்க்கைத்துணைக்குப் புற்றுநோய் என்று அறிந்த நாள் முதல், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோன்ற நிலை உண்டாவது இயல்பே. அந்த நிச்சயமின்மையை முற்றிலும் நீக்க எங்களால் இயலாது. ஆயினும், 'தெரியாது' என்பது ஒரே சுமையன்று என்பதை நாங்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறோம். அதனை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் ஓரளவு தூக்கக்கூடியதாகிறது.

முதலாவது, கேட்டால் தெரிந்துவிடுபவை. நோய் எந்த உறுப்பில் தோன்றியது? எந்த நிலையில் உள்ளது? சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, கட்டுப்படுத்துவதா? எத்தனை சுற்று மருந்து? காப்பீட்டில் எவ்வளவு அடங்கும்? இவற்றுக்கு விடை கூற மருத்துவர் இருக்கிறார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேள்விகளை எழுதி வாருங்கள்; மிக முக்கியமான மூன்றை முதலில் கேளுங்கள். கேட்டறிந்ததை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எப்போது உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும் என்பதையும் தவறாமல் கேளுங்கள். கீமோதெரபி பெறுபவருக்குக் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டை எட்டினால், நள்ளிரவானாலும் காத்திருக்கக் கூடாது. மருந்து ஏற்றியபின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது தொற்று விரைவில் முற்றிவிடும். இத்தகைய தெளிவான விதி ஒன்று கையில் இருப்பதே இரவுகளைச் சற்று அமைதியாக்கும்.

இரண்டாவது, காத்திருந்தால் தெரிபவை. திசுப் பரிசோதனை முடிவுக்கு ஏன் இத்தனை நாள் என்று பலர் கலங்குகின்றனர். எடுத்த திசுவைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றிய பின்னரே நுண்ணோக்கியில் பார்க்க இயலும். சிறப்புச் சாயங்கள் தேவைப்பட்டால் மேலும் சில நாள்கள் ஆகும். முடிவு தாமதமாவதால் மட்டுமே நோய் கடுமையானது என்று பொருளில்லை. சிகிச்சை முடிந்த பின்னும் காத்திருப்பு தொடரும். பல வகைப் புற்றுநோய்களில், முதல் சில ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தொடர் பரிசோதனை இருக்கும். அந்தத் தேதி நெருங்க நெருங்க உறக்கம் கெடுவதும், எரிச்சல் மிகுவதும் பலருக்கும் நேர்வதே. முடிவு எந்த நாளில், யார் வாயிலாகத் தெரியவரும் என்பதை முன்னதாகவே கேட்டுவையுங்கள். அதுவரை உறவினர்களின் தொலைபேசி விசாரிப்புகளுக்கு விடையளிக்கும் பொறுப்பைக் குடும்பத்தில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

மூன்றாவது, எவராலும் சொல்ல இயலாதவை. 'எத்தனை நாள்?' என்னும் கேள்வி இவ்வகையைச் சேர்ந்தது. புள்ளிவிவரம் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசும்; உங்கள் துணைவரைப் பற்றியன்று. அமெரிக்க உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982ஆம் ஆண்டில் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்நோயில் இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று அவர் நூல்களில் படித்தார். அதன் பொருள், பாதிப்பேர் எட்டு மாதத்துக்கு மேலும் வாழ்கின்றனர், அவர்களுள் சிலர் நெடுங்காலம் வாழ்கின்றனர் என்பதையும் அவர் உணர்ந்தார். அதன்பின் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002இல் மறைந்தார். எல்லோருக்கும் அவ்வாறே அமையும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஓர் எண், நாள் குறித்த ஓலையன்று என்பதையே சொல்கிறோம்.

இந்த மூன்றாவது சுமைக்கு விடை இல்லை, பகிர்தல் உண்டு. மறைத்துவிட்டோம் என்று நாம் எண்ணும்போதே, நோயாளி நம் முகத்திலிருந்து பெரும்பாலானவற்றை அறிந்துகொள்கிறார். "ஒன்றும் ஆகாது" என்ற சொல் அன்பினால் பிறப்பதே. ஆனால் அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. "எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப்பாருங்கள். அவர் பேச விரும்பினால் இடைமறிக்காமல் கேளுங்கள். இப்போது வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எவ்வளவு அறிய வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை அவருடையது.

உங்களையும் மறவாதீர்கள். துணைவரின் மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடுத்துவிட்டுத் தம் சர்க்கரை மாத்திரையை மறந்துவிடுபவர்களை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். கடந்த ஒரு வாரத்தின் மனவேதனையைப் பூச்சியம் முதல் பத்து வரை அளந்துபாருங்கள். நான்கோ அதற்கு மேலோ என்று தோன்றினால் எங்களிடம் சொல்லுங்கள். வீட்டிலிருந்தே பேச விரும்பினால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டை மறந்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. துணைவருக்குச் சம்மதமாயின், இருவரும் ஒன்றாக அமர்ந்து அந்தக் கேள்வியைக் கேளுங்கள். எங்களிடம் முழுமையான விடை இல்லாமலிருக்கலாம். ஆனால் வீடு திரும்பும் வழியில், நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேச இயலும்.