பரத்பூரில் ஒரு பகல்

பணி மாறுதலில் ஜெய்ப்பூருக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும், நான்கு மணி நேரப் பயணத்திற்குள் இருக்கும் பரத்பூரை நான் பார்த்ததில்லை. காலாண்டுக் கணக்கு, தணிக்கை, கடன் வசூல் என்று தள்ளிப்போடுவதற்கான காரணங்களுக்கு வங்கியில் பஞ்சமா என்ன? சென்ற டிசம்பரில் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். எழுபத்து நான்கு வயது. சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்ப் பாசன விவசாயி. அரண்மனைகளையும் கோட்டைகளையும் இரண்டே நாளில் பார்த்து முடித்துவிட்டு, "வேற என்னப்பா இருக்கு?" என்று கேட்டார். அதன் பயனாக ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கம்பளியும் குல்லாயுமாக நாங்கள் இருவரும் கேவலாதேவ் தேசியப் பூங்காவின் வாயிலில் நின்றோம்.

பூங்காவுக்குள் நம் விருப்பப்படி காரை ஓட்டிச் செல்ல இயலாது. நடக்கலாம், மிதிவண்டியை வாடகைக்கு எடுக்கலாம், அல்லது சைக்கிள் ரிக்‌ஷாவில் அமரலாம். இங்குள்ள ரிக்‌ஷா ஓட்டுநர்கள் வனத்துறையின் அனுமதி பெற்றவர்கள். பறவைகளை இனங்காணப் பயிற்சி பெற்றவர்கள். எங்களுக்கு வாய்த்தவர் நரைத்த தாடியுடைய ஒரு சர்தார்ஜி. அப்பாவை "பாபுஜி" என்று அழைத்துக் கைகொடுத்து ஏற்றிக்கொண்டார். இவருக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. நாள் முழுவதும் மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்கு.

சாலையோரத்து மரப் பொந்தில் தூங்கிக்கொண்டிருந்த சிற்றாந்தை ஒன்றைச் சர்தார்ஜி சுட்டிக்காட்டினார். மரப்பட்டையின் நிறமும் அதன் நிறமும் ஒன்றாயிருந்ததால் எனக்குப் புலப்பட இரண்டு நிமிடங்கள் ஆயின. கண்புரை அறுவை செய்துகொண்ட அப்பாவோ உடனே கண்டுகொண்டார். சற்றுத் தொலைவில் புதருக்கு அருகே, வளையிலிருந்து வெளியேறிய மலைப்பாம்பு ஒன்று இளவெயிலில் சுருண்டு கிடந்தது. குளிர்காலத்தில் இங்கு இது வழக்கமான காட்சியாம். நீல்காய்க் கூட்டம் ஒன்று முழங்கால் அளவு நீரில் நின்று புல் மேய்ந்தது. கடமானும் புள்ளிமானும் நரியும் கண்ணில் பட்டன.

எனினும் பரத்பூர் என்றால் பறவைகள்தாம். நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. ஒரே மரத்தில் பத்துப் பன்னிரண்டு கூடுகள். வளர்ந்த நாரை பெரும்பாலும் ஓசை எழுப்புவதில்லை. இரைச்சல் முழுவதும் குஞ்சுகளுடையது. நீர்க்காகங்களும் பாம்புத் தாராக்களும் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. இமயமலையைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளைப் பார்த்ததும் அப்பா, "இது நம்ம கூந்தன்குளத்துக்கும் வருமே" என்றார். உண்மைதான், திருநெல்வேலி மாவட்டத்து அக்குளத்திற்கும் இவ்வினம் குளிர்காலத்தில் வருகிறது.

ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இச்சதுப்பு நிலம் இயற்கையாக அமைந்ததன்று. பரத்பூர் மன்னர்கள் கரை எழுப்பி, மதகு வைத்து, ஆற்று நீரைத் தாழ்நிலத்தில் தேக்கி உருவாக்கியது. பின்னாளில் அதையே வாத்து வேட்டைக் களமாக்கினர். பூங்காவின் நடுவே கேவலாதேவ் சிவன் கோவிலுக்கு அருகில், எந்த நாளில் எந்த விருந்தினர் வந்தார், எத்தனை பறவைகள் வீழ்ந்தன என்று செதுக்கிய கற்பலகைகள் உள்ளன. முதல் பதிவு 1902, கடைசி 1964. வைஸ்ராய் லின்லித்கோ வந்திருந்த 1938 நவம்பர் 12 அன்று மட்டும் 4,273 பறவைகள். இருபது ஆண்டுகளாகப் பேரேடு பார்த்துப் பழகிய கண் எனக்கு. இப்படியொரு பதிவேட்டை நான் பார்த்ததில்லை. ஒரே நாளில் நாலாயிரத்துக்கும் மேல் என்று சொன்னபோது அப்பா நம்பவில்லை; எண்ணை மீண்டும் படிக்கச் சொன்னார்.

பிற்காலத்தில் வேட்டை நின்றது. 1982இல் தேசியப் பூங்கா. 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனால் 1982இலேயே எருமை மேய்ச்சலுக்குத் தடை வந்தது. எதிர்த்த கிராமத்தார் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, மேய்ச்சல் இல்லாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடுகிறது என்று கண்டது. "மாடு மேயாத கண்மாய் என்னத்துக்கு ஆகும்? இத எங்கிட்டக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்றார் அப்பா. சாலையோரம் சீமைக் கருவேலத்தைக் கண்டதும் அவர் முகம் சுளித்தது தனிக்கதை.

சர்தார்ஜி ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார். முன்பு சைபீரியக் கொக்குகள் இறங்கிய இடம் இது என்றார். 1960களில் ஏறக்குறைய இருநூறு வந்தன. ஆண்டுதோறும் குறைந்து, 2002இல் கடைசி இணை காணப்பட்டது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. வழியில், ஆப்கானிஸ்தானத்திலும் பாகிஸ்தானிலும், வேட்டைக்கு இரையானவை பல. அடுத்து வந்தது நீர்ப் பஞ்சம். மேலே பாஞ்சனா அணையின் நீரை அங்குள்ள உழவர்கள் விட்டுத்தர மறுத்தனர், பூங்கா வறண்டது. இப்போது கோவர்தன் வடிகாலிலிருந்தும் சம்பலிலிருந்தும் குழாய் வழியே நீர் வருகிறது.

"பறவைகளுக்கான தண்ணீரைத் தடுப்பது நியாயமா?" என்று நான் கேட்டேன். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. "அவன் பயிரும் காயுமில்ல? மேமடைக்காரன் கடைமடைக்காரனுக்குத் தண்ணி விடாம அடிச்சுக்கிட்டத நான் பாத்திருக்கேன். நானும் அடிச்சிருக்கேன். கொக்குக்காக விடுன்னா எவன் விடுவான்?" என்றார். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "பாங்கில உக்காந்துக்கிட்டு அதெல்லாம் பேசலாம்" என்று முடித்துவிட்டார். இதைச் சர்தார்ஜிக்கு மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை.

பரத்பூர் செல்ல விரும்பும் வாசகர்களுக்கு: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். ஆக்ராவிலிருந்து ஒன்றரை மணி நேரம் போதும். தொலைநோக்கி இன்றியமையாதது. ரிக்‌ஷா ஓட்டுநரிடம் அவசரப்படுத்தாமல் நாளை ஒப்படைத்துவிடுங்கள்.

மாலையில் திரும்பும் வழியில், திறந்த புல்வெளியில் சாரஸ் கொக்கு இணை ஒன்று நின்றிருந்தது. செந்நிறத் தலை, ஆள் உயரம். இரண்டும் கழுத்தை நிமிர்த்தி ஒன்றாகக் குரல் கொடுத்தபோது அப்பா ரிக்‌ஷாவிலிருந்து இறங்கி நின்றுவிட்டார். சற்று நேரம் கழித்து, "இந்த வருசம் தண்ணி எவ்வளவு வந்துச்சுன்னு அவர்கிட்டக் கேளு" என்றார். கேட்டேன். சர்தார்ஜி பேசாமல் அருகிலிருந்த கருவேல மரத்திடம் சென்று, அடிமரத்தில் நீர்மட்டம் விட்டுச்சென்ற கறையின் மீது கையை வைத்துக் காட்டினார். அவருடைய இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது அது. அப்பாவும் போய் அந்தக் கறையைத் தொட்டுப் பார்த்தார். "பரவாயில்ல" என்றார், "மாசி வரைக்கும் தாங்கும்."