திருப்புளி வாங்கும் முன் திருகாணியைப் பாருங்கள்

வீட்டில் பழைய தையல் இயந்திரம் வைத்திருக்கும் நண்பர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது பாட்டி காலத்துக் கறுப்புச் சிங்கர். அதில் ரவிக்கை தைத்துத்தான் அம்மா என் விடுதிக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கட்டுகிறார். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் அது நின்றுவிட்டால், பழுதுபார்ப்பவர் வரும்வரை காத்திருக்க இயலாது. ஆகவே, விடுமுறைதோறும் அதைத் திறந்து சுத்தம் செய்யும் பொறுப்பு இயந்திரவியல் படிக்கும் என் தலையில் விழுந்தது.

இதற்கு முதலில் வேண்டியது திருப்புளி. தமிழ்ப்பள்ளியில் திருப்புளி என்று அறிந்ததை இடைநிலைப்பள்ளிப் பட்டறையில் ‘பெமுத்தார் ஸ்க்ரூ’ என்றார்கள். பெயர் இரண்டு தெரிந்திருந்தும் அதன் முனையை உற்றுப் பார்க்கும் பழக்கம் பல்கலைக்கழகம் வந்த பிறகே ஏற்பட்டது.

பசார் மாலாமில் விற்கும் சாதாரணத் தட்டைத் திருப்புளியைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். முனை ஆப்புப்போல் சரிந்திருக்கும். திருகாணித் தலையின் வெட்டோ நேர்ச்சுவர் கொண்டது. எனவே ஆப்பு, வெட்டின் மேல் விளிம்பை மட்டுமே தொடுகிறது. பலமாகத் திருகும்போது அந்தச் சரிவே முனையை மேலே தள்ளிவிடும். முனை வழுக்கி வெட்டைச் சிதைக்கும். பழைய சிங்கரில் இது பெரிய இழப்பு. அந்நிறுவனம் பல திருகாணிகளுக்குத் தனக்கே உரிய மரையளவைப் பயன்படுத்தியது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் அளவுத் திருகாணி அதில் ஏறாது.

துப்பாக்கி பழுதுபார்ப்போர் இச்சிக்கலுக்கு எப்போதோ வழி கண்டுவிட்டனர். முனையின் இரு பக்கங்களும் இணையாக இருக்கும்படி குழிவாகத் தீட்டிய திருப்புளியை அவர்கள் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் கைத்துப்பாக்கியின் விசைப்பகுதியை வீட்டிலேயே கழற்றுவோரும் இவ்வகையைத்தான் நாடுகின்றனர். (நம் நாட்டில் அந்த ஆசையே வேண்டாம், 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது.) தையல் இயந்திரத்துக்கும் அதே முனை கச்சிதமாகப் பொருந்துகிறது. முனையின் தடிப்பு வெட்டை நிரப்ப வேண்டும். அகலம் திருகாணித் தலையைத் தாண்டக்கூடாது.

இருபது முனைகள் கொண்ட பெட்டி தேவையில்லை என்பது என் கருத்து. மூன்று போதும். ஊசித் தகட்டைக் கழற்ற, அகல முனையுள்ள குட்டையான ஒன்று வேண்டும். மேலே இயந்திரத்தின் கை மறிப்பதால் நீளமானது நேராக நிற்காது. பொதுவான வேலைக்கு நடுத்தரமானது ஒன்று. பாபின் கூட்டிலுள்ள சிறு திருகாணிக்கு மெல்லியது ஒன்று. சரியான முனை கிடைக்காவிட்டால், இருப்பதையே சாணைக்கல்லில் தேய்த்துப் பொருத்திக் கொள்ளலாம். மின்சாணையில் தேய்ப்பதாயின் அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். எஃகு நீலநிறமாக மாறினால் அதன் கடினம் போய்விட்டது என்று பொருள்.

இறுகிய திருகாணியோடு மல்லுக்கட்ட வேண்டாம். துரு இளக்கும் எண்ணெய் ஒரு துளி விட்டு, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் திருகும்போது, திருகும் பலத்தைவிடக் கீழ்நோக்கி அழுத்தும் பலம் கூடுதலாக இருக்கட்டும். குறடு கொண்டு திருகாணித் தலையைக் கவ்வுவது எனக்கு அறவே பிடிக்காது.

நூல் இழுவை சரியில்லை என்றதும் பாபின் திருகாணியைத் திருப்பத் தோன்றும். அதற்குமுன் ஊசியை மாற்றிப் பாருங்கள். பாபின் கூட்டின் தகட்டு வில்லுக்கு அடியில் பஞ்சு சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் பாதிப் ‘பழுது’ அங்கேதான் இருந்தது. அப்படியும் திருப்பத்தான் வேண்டுமென்றால், வெட்டு எந்தத் திசையில் நிற்கிறது என்று கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் தைத்துப் பாருங்கள். மோட்டார் பொருத்திய இயந்திரமாயின் எந்த வேலைக்கும் முன்னதாக மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள்.

கடைசியாக எண்ணெய். தையல் இயந்திரத்துக்கென்றே விற்கும் தெளிந்த, இலேசான எண்ணெயை வாங்குங்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். எங்கள் இயந்திரத்தில் பாட்டி விட்டிருந்ததை மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் தேய்த்தெடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.