கெட்ட சரக்குக்குச் சரியான சொல் எது?

வெங்காயம் அழுகிவிட்டது, எண்ணெய் காறிவிட்டது, பருப்பில் வண்டு விழுந்துவிட்டது என்று தமிழில் நாம் பிரித்துத்தான் பேசுகிறோம். வெளிமாநிலத்துக்குப் புகார் எழுதும்போது மட்டும் எல்லாவற்றுக்கும் 'ராட்டன்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு வந்த 40 மூட்டை நிலக்கடலைப் பருப்பில் காறல் வாடை அடித்தது. 'ராட்டன்' என்று எழுதினோம். சரக்கு அனுப்பியவரின் ஆள் வந்து மூட்டைகளைப் பிரித்தார். பருப்பு காய்ந்து கலகலவென்று இருந்தது. "அழுகல் எங்கே?" என்றார். நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. நஷ்டத்தில் பாதி நம் தலையில் விழுந்தது.

அன்று நாம் எழுதியிருக்க வேண்டிய சொல் 'ரான்சிட்'. எண்ணெய்ப் பசையுள்ள பொருள் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டுக் காறுவதை அது குறிக்கும். கடலை, கொப்பரை, எள், நெய், எண்ணெய் ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

'ராட்டன்' என்பது கிருமியால் குழைந்து அழுகுவது; வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளிக்கு உரியது. 'பியூட்ரிட்' என்றால் துர்நாற்றம் வீசும் அழுகல். பெரும்பாலும் மீன், இறைச்சிக்குச் சொல்வார்கள். பூஞ்சணம் பிடித்தது 'மோல்டி'. கடலையில் இது இருந்தால் சும்மா விடக்கூடாது. சிலவகைப் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. அடைத்த கிடங்கின் மக்கல் வாடை 'மஸ்டி'. பழசாகி நமத்துப்போன ரொட்டி, ரஸ்க் 'ஸ்டேல்'. வண்டு, புழு விழுந்தது 'இன்ஃபெஸ்டட்'. 'டீகே' என்பது மெல்ல மெல்லச் சிதைவதற்கான பொதுச்சொல். பல்லுக்கும் கட்டடத்துக்கும்கூட அதைச் சொல்வதால் புகாருக்குப் பலம் தராது.

சட்டமும் சொற்களைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பற்ற உணவை விளக்கும் இடத்தில் 'பியூட்ரிட்', 'ராட்டன்', 'டீகம்போஸ்டு' ஆகியவற்றைத் தனித்தனியே சொல்கிறது. புழு, வண்டு, பூச்சி விழுந்ததற்கு வேறொரு பிரிவே இருக்கிறது.

ஆகவே சரக்கு வந்த அன்றே சில மூட்டைகளைப் பிரித்துப் பாருங்கள். முகர்ந்து பாருங்கள், இரண்டு மணி வாயில் போட்டுப் பாருங்கள். பூஞ்சணம் தெரிந்தால் மட்டும் வாயில் போட வேண்டாம். மாதிரியைத் தனியே கட்டி வைத்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள். சரியான சொல் தெரியாவிட்டால் பாதகமில்லை. எத்தனை மூட்டை, என்ன வாடை, என்ன நிறம், ஈரமா, காய்வா என்று கண்டதைக் கண்டபடி எழுதினாலே போதும். தவறான ஒரு சொல்லைவிட அது நம் பக்கத்தைக் காக்கும்.