பாலாற்றங்கரையின் சிரிப்பு

தமிழ் சினிமாவின் ஹாஸ்ய நடிகர்களை அவரவர் பிறந்த ஊரில் நிறுத்தி ஒரு தேசப்படம் வரைவோமானால், நாகர்கோயிலில் என்.எஸ். கிருஷ்ணனும், தூத்துக்குடியில் சந்திரபாபுவும், தாராபுரத்தில் நாகேஷும், உடுமலைப் பக்கத்தில் கவுண்டமணியும், மதுரையில் வடிவேலுவும் நின்று தத்தம் சீமைக்குக் கீர்த்தி சேர்த்துக்கொண்டிருக்க, வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரையில் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் பதனிடும் சீமை மட்டும் ஏறக்குறைய வெறிச்சென்று கிடப்பதைக் காண்போம். ஆரணியில் பிறந்த யோகி பாபுவைப் பழைய வட ஆர்க்காட்டு ஜில்லாவின் உறவைச் சொல்லி நம் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். ஆனால் அவரையும் சென்னைக்காரர் என்றே ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சீமையார் சிரிக்கத் தெரியாதவர்கள் அல்லர். தண்ணீரில்லாத ஆறு, ராஜாவில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று தங்கள் ஊரின் குறைகளைத் தாங்களே வரிசைப்படுத்தி, வெளியூரான் வாய் திறப்பதற்கு முன்னால் கேலி செய்து முடித்துவிடுகிறவர்கள் வேலூர்க்காரர்கள். 1981-இல் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் மீண்டும் எழுந்தருளிவிட்டமையால் அந்த ஜாபிதாவில் ஓர் இனம் காலாவதியாகிவிட்டது என்றாலும், அதை நீக்கிவிட்டுச் சொல்ல இன்றுவரை யாருக்கும் மனம் வரவில்லை.

இவ்வூர்ப் பேச்சு திரையேறவே இல்லையா என்றால், ஏறியிருக்கிறது. ஆனால் வேறொருவர் வாயால், வேறோர் ஊரின் பெயரால் ஏறியிருக்கிறது. ‘இன்னா’ என்றும், ‘கீது’ என்றும், ‘வந்துகினு’ என்றும் பேசுவதைச் சென்னைப் பாஷை என்று சினிமா நமக்குப் பழக்கியிருந்தபோதிலும், அந்தப் பேச்சு கூவம் நதியோடு நின்றுவிடாமல் காஞ்சிபுரம், ஆர்க்காடு, குடியாத்தம் என்று மேற்கே நெடுந்தூரம் வியாபித்திருப்பது அந்தப் பக்கத்து டவுன் பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும். 1958-இல் வந்த ‘சபாஷ் மீனா’வில் ரிக்‌ஷாக்காரனாக அதைப் பேசி நாட்டையே சிரிக்க வைத்த சந்திரபாபு, தென்கோடித் தூத்துக்குடியைச் சேர்ந்தவர். பத்தாண்டுகள் கழித்து ‘பொம்மலாட்டம்’ படத்தில் அதே பேச்சில் ஒரு பாட்டைப் பாடிப் பட்டிதொட்டியெங்கும் பரப்பிய மனோரமாவோ மன்னார்குடியில் பிறந்தவர். அவர்கள் திறமையில் குறை சொல்வது நம் நோக்கம் அன்று. இரவல் பேச்சை இவ்வளவு அழகாகப் பேச ஒரு மேதைமை வேண்டும். ஆயினும் பேச்சுக்குச் சொந்தக்காரர்கள் கொட்டகையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து, இதைச் சென்னையின் சொத்து என்று எண்ணிச் சிரித்தார்களே, அது சற்று விசித்திரமான விஷயந்தான்.

இச்சீமையின் இன்னொரு பேச்சுக்கும் இதே கதி நேர்ந்தது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் மண்டிகளிலும் டீக்கடைகளிலும் புழங்கும் தக்கணி உருது, வடநாட்டு உருதுப் பண்டிதர்கள் முகம் சுளிக்கும் பாஷை. ஹாஸ்யத்துக்கென்றே பிறந்ததோ என்று ஐயுறும்படி அமைந்த பாஷை. குல்பர்காவின் சுலைமான் கதீப் போன்ற கவிஞர்கள் முஷாயிரா மேடைகளில் அதிலேயே நகைச்சுவைக் கவிதைகள் படித்துப் பிரசித்தி பெற்றார்கள். ஆனால் அகில இந்தியாவும் அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தது 1965-இல், ‘கும்நாம்’ என்ற ஹிந்திப் படத்தில், பம்பாயிலே பிறந்த மெஹ்மூத் சமையற்கார வேஷத்தில் அதைப் பேசியபோதுதான். அப்போதும் அதற்கு ஹைதராபாத்தின் பெயரே வாய்த்தது.

பெரிய மேடைக்குப் பக்கத்தில் வசிக்கும் சிறிய நாட்டுக்கு இது எங்கும் நேர்வதே. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டாரின் கதையைப் பாருங்கள். தலையில் துருக்கித் தொப்பியோடு, வேண்டுமென்றே மந்திர வித்தைகளைச் சொதப்பிச் சிரிக்க வைத்த டாமி கூப்பர் 1921-இல் கேர்ஃபிலியில் பிறந்தவர். மூன்று வயதிலேயே இங்கிலாந்துக்குப் போய்விட்டமையால் அவருடைய மேடைப் பேச்சில் வேல்ஸின் வாசனையை அரிதாகவே நுகரலாம். ‘மான்டி பைதான்’ குழுவில் எழுத்தும் நடிப்பும் டைரக்‌ஷனுமாக விளங்கிய டெர்ரி ஜோன்ஸும் அந்நாட்டில் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே வெளியேறியவர். நேர்மாறாக, ரயன் டேவிஸும் ரோனி வில்லியம்ஸும் 1960-களின் பிற்பகுதியில் தங்கள் தாய்மொழியாகிய வெல்ஷில் முதலில் சிரிக்க வைத்து, அதன்பின் ஆங்கிலத்துக்கும் அந்தச் சரக்கைக் கொண்டுபோனார்கள். 2007-இல் ரூத் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பெண்மணி, ஜேம்ஸ் கார்டனோடு சேர்ந்து ‘கேவின் அண்டு ஸ்டேஸி’ என்ற தொலைக்காட்சித் தொடரை எழுதியபோது, பாரி என்ற கடற்கரைப் பட்டணத்தின் பேச்சு லண்டன்காரர்களும் திருப்பிச் சொல்லிப் பார்க்கும் பேச்சாகிவிட்டது. அந்த அம்மாள் அதில் நடிக்கவும் செய்தாள் என்றாலும், காரியத்தைச் சாதித்தது அவள் எழுத்து என்பதே நம் அபிப்பிராயம்.

நம் சீமையில் தன் பேச்சைத் தானே பேசிச் சிரிக்க வைக்கும் கலைஞன் இல்லாமற் போகவில்லை. அவன் சினிமாக் கொட்டகையில் இல்லை. திரௌபதி அம்மன் கோயில் வெளியில், விடிய விடிய நடக்கும் கூத்தில் இருக்கிறான். அவன்தான் கட்டியக்காரன். வடமொழி நாடகத்து விதூஷகனுக்கு அவன் உறவினன் என்று சொல்லலாமாயினும், அரண்மனையின் நிழலில் ராஜாவுக்குத் தோழனாகக் காலம் கழித்த விதூஷகனுக்கு இல்லாத சுதந்திரம் இவனுக்கு உண்டு. ஏனெனில் இவன் ராஜாவைச் சேர்ந்தவனைப் போலத் தோன்றினாலும் எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களைச் சேர்ந்தவன்.

பகலில் பாரதப் பிரசங்கம் நடந்து முடிந்த ஊரில் இரவு துரியோதனன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் திரைச்சீலையைப் பிடித்து நிற்க, அதற்குமேல் கண்ணாடிச் சில்லுகள் மின்னும் கிரீடம் மாத்திரம் தெரிய, முகவீணை வீறிட, மிருதங்கம் முழங்க, புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் தரித்த அந்தச் சக்கரவர்த்தி தன் வம்சப் பெருமையையெல்லாம் செந்தமிழில் விருத்தமாகப் பாடி முடிக்கும் வரையில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வெளியே நிற்கும் கட்டியக்காரன் தலையைச் சொறிந்தபடி, “அதெல்லாம் சரி சாமி, மகாராஜாவாவே இருந்துட்டுப் போங்க, ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு எந்த ஸ்டாப்புல நிக்கிறீங்க?” என்ற தோரணையில் ஒரு கேள்வி போடுவான். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடிக்கும். அஸ்தினாபுரத்து அதிபதி ஆம்பூர் ஷிப்டுக்குப் போகிறவர்களில் ஒருவனாகிவிடுகிறான். ராஜாவோ “அடே கட்டியக்காரா!” என்று அதட்டி, கதையை இழுத்துப் பிடித்து மறுபடியும் தன் வழிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

பச்சையான பேச்சும் இதில் வரும். நடுநிசிக்குமேல் வரும் சில வேடிக்கைகள் மட்டமானவை என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அவன் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அறிந்தவன். துகிலுரியும் கட்டம் வந்து, கர்ப்பூரம் ஏற்றி, ஆடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் கைகூப்பும் சமயத்தில், அதுவரையில் துச்சாதனனோடு வம்பளந்து கொண்டிருந்தவன் வாயடைத்து ஓரமாக நிற்பதைக் கவனித்தவர்கள், சிரிப்புக்கும் பக்திக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டை அவன் எவ்வளவு நுட்பமாக அறிந்திருக்கிறான் என்று வியக்காமலிருக்க மாட்டார்கள்.

கூத்துக்குப் புகழ் வராமலும் இல்லை. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையின் கண்ணப்ப தம்பிரானைத் தேடி நவீன நாடகக்காரராகிய ந. முத்துசாமி சென்றார், அவர் கட்டுரைகளால் படித்தவர்கள் கூத்தின் பக்கம் திரும்பினார்கள். கண்ணப்ப தம்பிரானின் புதல்வர் சம்பந்தன் பயிற்றுவித்த கூத்துக் காட்சிகள், 2016-இல் பாரிஸில் ஆரியான் முஷ்கின் தம் நாடகக் குழுவைக் கொண்டு மேடையேற்றிய நாடகத்திலேயே இடம்பெற்றன. காஞ்சிபுரத்தில் 1990-இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம், பின்னாளில் குருகுலமே நடத்திப் பெண்பிள்ளைகளையும் கட்டை கட்டி ஆடவைத்தது.

ஆயினும் வெளிநாட்டு ரசிகரை வசீகரிப்பது கிரீடமும் அடவும் குரலுமே. கட்டியக்காரனின் பேச்சோ அந்தந்த ஊரின் பஸ் ஸ்டாப்பையும், தலைவர் தேர்தலையும், கழிவுநீர் கலந்த ஆற்றையும் அறிந்தவருக்கே விளங்குவது. பக்கத்துத் தாலுகாவுக்குப் போனாலே அதில் பாதியை மாற்றியாக வேண்டும். அவன் நடிகன் மாத்திரமன்றி அன்றைய இரவின் எழுத்தாளனும் ஆவான். ஆனால் காகிதத்தில் எழுதாத எழுத்தாளன். ஜமாவின் வாத்தியார் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகங்களில் கர்ணன் பாட்டும், அர்ச்சுனன் விருத்தமும், திரௌபதியின் புலம்பலும் தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதப்பட்டு வருகின்றன. கட்டியக்காரன் பேசவேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஒன்றும் எழுதியிருப்பதில்லை.