வளவு வீடும் வாரிசுச் சான்றும்

காரைக்குடிப் பக்கத்துப் பழைய பாகப் பிரிவினைப் பத்திரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், சொத்து விவரத்தில் வீட்டின் உட்புறமே நிறைய இடத்தைப் பிடித்திருக்கும். இரண்டாம் கட்டில் வடசிறகில் கிழக்கிலிருந்து மூன்றாவது அறை, அதற்கு எதிர்ப் பத்தி, மேலே மச்சில் பாதி, இவ்வளவும் ஒரு பங்காளிக்கு. முகப்பு, வளவு முற்றம், சாமி வீடு, கிணறு, போக வர நடை எல்லாம் எல்லாருக்கும் பொது. பங்கைச் சொல்ல அரைக்கால், மாகாணி என்ற கணக்கு. அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று. முற்றத்தில் மாகாணிப் பங்கு உள்ளவர் எந்தக் கல்லில் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. கல்யாணம், சாந்தி, முன்னோருக்குப் படைப்பு என்று வந்தால் முற்றம் முழுக்க அவருக்கும்தான்.

நகரத்தார் என்ற செட்டியார்கள் வீடு அப்படித்தான் கட்டப்பட்டது. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ஓர் அறையைக் கொடுத்து, ‘வேறு வைத்து’விடுவார்கள். அடுப்பு தனி, வருஷச் செலவுக்கு அளந்து கொடுப்பது தனி, கூரை மட்டும் ஒன்று. கோயில் கணக்கில் அந்தத் தம்பதி ஒரு புள்ளி. தட்டுமுட்டுச் சாமானும் சீர்ப்பாத்திரமும் அறைக்குள் பூட்டியிருக்கும். ஆள் ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ ‘கொண்டுவிற்று’, வட்டித் தொழில் நடத்திக்கொண்டிருப்பார். பல அறைகள் வருஷத்தில் சில நாட்கள்தான் திறக்கும்.

அந்தக் காலத்து ஒற்றுமையைப் பற்றி நிறையப் புகழ்ந்து எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். வீடு பிரியாமல் இருந்ததற்கு மனசு ஒரு காரணம் என்றால், பர்மா இன்னொரு காரணம். பணம் முழுக்கக் கடலுக்கு அப்பால் புரண்டுகொண்டிருந்தது. வீட்டை விற்றுக் காசாக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. பேரேட்டில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது அறைக்கு யார் சண்டை போடுவார்கள்?

பிறகு அந்தப் பேரேடே கவிழ்ந்தது. 1930-ஐ ஒட்டிய மந்தத்தில் நெல் விலை விழ, கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளின் நிலம் கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதமாக இருந்த அவர்கள் பங்கு, 1938-க்குள் 25 சதவீதம் ஆயிற்று. விரும்பி வாங்கிய நிலமல்ல. வராத கடனுக்கு வந்த நிலம். 1942-இல் ஜப்பானியர் படை வந்தது. 1948-இல் பர்மிய அரசு நிலத்தைத் தேசியமயமாக்கியது. ஊருக்குத் திரும்பியவர்களுக்குக் கண்ணெதிரே மிஞ்சியிருந்த சொத்து, யாராலும் தனியாக விற்க முடியாத அந்த வளவு வீடு.

அன்று பங்கு பிரிக்க வக்கீல் வாசலுக்குப் போகிறவர்கள் குறைவு. பங்காளிகளில் மூத்தவர்கள் நாலு பேர், கணக்குப்பிள்ளை ஒருவர், ஐந்தொகை எழுதிய நோட்டு, இவ்வளவே பஞ்சாயத்து. கூறு சமமாக வைத்து, சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருக்கு எந்த அறை என்று கூர்ச்சீட்டு எழுதிக்கொள்வார்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘இன்று பிரித்துக்கொள்கிறோம்’ என்று எழுதினால் அது பிரிவினைப் பத்திரம். பதிவு செய்யாவிட்டால் கோர்ட்டில் செல்லாது. ‘முன்பே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டபடி நினைவுக்காக எழுதியது’ என்றால் பதிவு வேண்டியதில்லை. நல்ல கணக்குப்பிள்ளைக்கு இது தெரியும். தெரியாதவர் எழுதிய சீட்டுகளை வைத்துப் பிற்காலத்தில் வக்கீல்கள் நன்றாகவே பிழைத்தார்கள்.

பெரிய இடத்துச் சங்கதி வேறு. சிவகங்கைச் சீமையில் வாரிசு வழக்கு புதிதல்ல. 1801-இல் கும்பினியார் ஜமீன்தாராக்கிய கௌரி வல்லபர் 1829-இல் இறந்ததும், அண்ணன் பிள்ளைகள் ஜமீனை எடுத்துக்கொண்டார்கள். பிரியாத குடும்பம், ஆண் வாரிசுக்கே சொத்து என்பது அவர்கள் பேச்சு. கௌரி வல்லபரின் மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. குடும்பம் பிரியாததாக இருந்தாலும் தகப்பனார் தாமாகப் பெற்ற சொத்து தனிச் சொத்துத்தான், அது விதவைகளுக்கும் பிறகு மகளுக்கும் போக வேண்டும் என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1863-இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இந்துச் சட்டம் படிக்கும் மாணவன் இன்றும் சிவகங்கை வழக்கைத் தாண்டாமல் போக முடியாது.

நகரத்தார் வழக்கு ஒன்றும் அந்த வரிசையில் உண்டு. இலங்கையில் தொழில் வைத்திருந்த அருணாசலம் செட்டியார் ஒருவரின் மகன் 1934-இலும் அவரே 1938-இலும் இறந்தார்கள். மரணச் சொத்து வரி கட்டு என்றது இலங்கை அரசு. குடும்பத்தில் ஆண் ஒருவர்தான் மிச்சம், ஆகையால் அது அவர் சொந்தச் சொத்து என்பது அரசின் வாதம். விதவைகள் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளை கூட்டிக்கொண்டால், அதாவது சுவீகாரம் எடுத்தால், குடும்பம் மறுபடி பெருகும், அதனால் ஒற்றை ஆள் நின்றாலும் அது கூட்டுக் குடும்பச் சொத்தே என்று 1957-இல் பிரிவி கவுன்சில் முடித்தது. செட்டிநாட்டில் பிள்ளை கூட்டுவது எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு அதிசயமே இல்லை. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனும் காரைக்குடிக்குப் பிள்ளை வந்தவர்தான்.

பெண்மக்கள் கதை தனி. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குப் பங்கு கொடுத்தது. ஆனால் 23-ஆம் பிரிவில் ஒரு பூட்டுப் போட்டது: குடும்பம் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகளாகப் பிரிக்கச் சம்மதிக்கும்வரை பெண் வாரிசு பிரித்துக் கேட்க முடியாது. மணமாகாதவள், கணவனை இழந்தவள் அல்லது பிரிந்தவள் என்றால் தங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். செட்டிநாட்டு வீட்டை மனத்தில் வைத்து எழுதியது போலவே இருக்கும் அந்தப் பிரிவு. 1989-இல் தமிழ்நாடு, அதுவரை மணமாகாத மகள்களையும் பிறப்பிலேயே பங்காளியாக்கியது. 2005-இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமை வந்தது. 23-ஆம் பிரிவும் போயிற்று. தகப்பனார் 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

2005 திருத்தத்தின் இன்னொரு முனை கூர்ச்சீட்டில் குத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த பிரிவினையைத் தொடமாட்டோம் என்றது சட்டம். ஆனால் பிரிவினை என்றால் பதிவானதாகவோ கோர்ட் டிகிரியாகவோ இருக்க வேண்டும். வாய்மொழிப் பிரிவினை என்பதை அபூர்வமாகத்தான் ஏற்பார்கள், அதுவும் அரசாங்க ஆவணங்கள் கூடவே சாட்சி சொன்னால். மூன்று தலைமுறை மதித்து நடந்த சீட்டுகள் ஒரே வரியில் வலுவிழந்தன.

‘பொண்ணுக அம்புட்டுப் பேருக்கும் பங்குன்னு ஆனதுலதான் வீடெல்லாம் இடியுது’ என்று திண்ணைப் பேச்சில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. 1910 வாக்கில் ஒருவர் கட்டிய வீடு என்று வைத்துக்கொள்வோம். தலைமுறைக்கு மூன்று ஆண்மக்கள் என்றால், பெண்களை எண்ணாமலேயே அவருக்குப் பின் மூன்றாம் தலைமுறையில் 27 பங்கு. வீடுகள் இடிவது 1950-களிலேயே தொடங்கிவிட்டது. பெண்ணுக்குக் கொடுத்த சீரோடு கணக்கு முடிந்தது என்பதும் நெடுநாள் வாதம். சட்டம் சீரைக் கழித்துக்கொண்டு பங்கு கொடுக்கச் சொல்லவில்லை.

இன்று பதிவு அலுவலகத்தைச் சுற்றியுள்ள பத்திர எழுத்தர் கடைகளில்தான் அந்தப் பழைய பஞ்சாயத்து நடக்கிறது. கணக்குப்பிள்ளையின் இடம் பத்திர எழுத்தருக்கு, பங்காளிப் பெரியவரின் இடம் வக்கீலுக்கு. கூடவே சர்வேயர், ஆடிட்டர், புரோக்கர். பேச்சு இப்படிப் போகும்:

“தம்பி, கோலாலம்பூர்ல இருக்கவுக வரமாட்டாகளாம். என்ன பண்றது?”

“பவர் எழுதி அனுப்பச் சொல்லுங்க ஆச்சி. அங்கன நம்ம ஹைகமிஷன்ல முத்திரை வாங்கணும். இங்க வந்து சேர்ந்து மூணு மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் கட்டிப்புடணும்.”

“அவுக அப்பச்சி பேருல இருக்க பங்கு?”

“அப்பச்சி தவறுனதுக்கு வாரிசுச் சான்று வாங்கியாச்சா?”

“மெட்ராஸ்ல தவறிப் போனாக. அம்பது வருசமாச்சு.”

“அப்ப இறப்புச் சான்றுலேர்ந்து தொடங்கணும் ஆச்சி.”

குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட், பாகப் பிரிவினை, விடுதலைப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அந்த வரம்பை 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆகவும், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பை 4,000-லிருந்து 10,000 ஆகவும் உயர்த்தினார்கள். ஆகவே இடைஞ்சல் காசில் இல்லை. ஆளைத் தேடிப் பிடிப்பதில் இருக்கிறது.

பெயர் இன்னொரு தொல்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள் விலாசம், அதாவது கடைப் பெயர். ஒரே விலாசத்தில் ஒரே பெயரில் தலைமுறை விட்டுத் தலைமுறை ஆட்கள். பட்டாவில் உள்ள பெயர் எந்தத் தலைமுறைக்காரருடையது என்று தாலுகா அலுவலகத்தில் சொல்லிப் புரியவைப்பதற்குள் ஒரு மதியம் போய்விடும்.

அந்தப் பட்டாவே பலருக்குப் பிந்தி வந்த காகிதம். ஜமீன் காலத்தில் வீடு இருந்த இடம் ஊர் நத்தம். வீடு யாருடையது என்பது ஊருக்குத் தெரியும், அது போதும். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்து, வயலுக்கு ரயத்துவாரிப் பட்டா கொடுத்தது. வீட்டு மனைக்கு ஒழுங்காக அளவெடுத்தது வெகு தாமதம். 1980-இல் பரம்பரைக் கர்ணமும் மணியக்காரரும் ஒழிந்து வி.ஏ.ஓ. வந்தார். அந்த ஆண்டுகளில் யூ.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டு வேலை நடந்தாலும், அதன் பிறகு வந்த நத்தம் நிலவரித் திட்டம்தான் வீட்டு மனைக்கு ஒரு பெயர் எழுதியது. அளக்க வந்தபோது பாதி வீடு பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் எந்தப் பங்காளியைச் சொன்னாரோ அவர் பெயரோடு ‘வகையறா’ என்று எழுதி முடித்த இடங்கள் உண்டு. தோராயப் பட்டா கொடுத்து, ஆட்சேபம் கேட்டு, பிறகு தூய பட்டா. ஆட்சேபிக்க வேண்டியவர் சென்னையில் இருந்தார், அல்லது சிங்கப்பூரில். அந்த வகையறாவை இப்போது பிரிப்பதுதான் சர்வேயருக்கும் வக்கீலுக்கும் நிரந்தர வருமானம்.

கையெழுத்துச் சேராத வீட்டை முழுசாக விற்க முடியாது. ஆனால் தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் பட்டா கேட்பார் இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வீடு துண்டு துண்டாக வந்து சேர்ந்தது இப்படித்தான். மறுபக்கம், கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் கொத்தமங்கலத்திலும் சில வீடுகள் விடுதியாகித் தப்பின. 2014-இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். அது பெருமைதான். ஆனால் பங்காளிகள் ஒத்துப் போன வீட்டுக்கே அதனால் பிரயோஜனம். பட்டியல் யாருக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தராது.

இத்தனை பங்குக்காரர்கள் இருக்கும் வீட்டில் ஒரு பங்கும் இல்லாமல் ஒரு குடும்பம் இருக்கும். சாவி அவர்களிடம்தான். விளக்கு வைப்பது, ஓட்டில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்குவது, படைப்புக்கு ஆள் வரும்போது கூட்டி மெழுகுவது எல்லாம் அவர்கள் வேலை. பின்கட்டை ஒட்டி ஓர் ஓட்டுச் சாய்ப்பு, அதில் இரண்டு தலைமுறை. 1971-இல் தமிழ்நாடு ஒரு குடியிருப்புச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்தவர் மனையில் குடியிருந்த விவசாயிக்கும் விவசாயக் கூலிக்கும் அந்த மனையையே சொந்தமாக்கிய சட்டம். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் அந்த வரையறைக்குள் வருவது கஷ்டம். காவல்காரர், வேலையாள் எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த இருப்பு உரிமையாகாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. கண்மாய்ப் புறம்போக்கில் குடிசை போட்டால் அதற்கும் பட்டா கிடையாது; 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் காலி செய்யத்தான் சொல்கிறது. மிஞ்சுவது இலவச வீட்டுமனைப் பட்டா மனு. வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரும்போது ‘இவ்வளவு பெரிய வீட்டில் இருக்கிறாயே’ என்று கேட்டாலும் கேட்பார்.

அந்தக் குடும்பத்துக்குப் பின்கட்டில் இரண்டு சென்ட் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கும் நல்லவர்கள் பங்காளிகளில் இல்லாமல் இல்லை. இரத்த உறவு இல்லாததால் குடும்பச் சலுகை பொருந்தாது. கிரயத்துக்கு உரிய தீர்வையே கட்ட வேண்டும். அதைக்கூட ஒருவர் கட்டிவிடலாம். ஆனால் அந்த இரண்டு சென்ட்டும் பொதுவில் உள்ள இடம். அதை எழுதிக் கொடுக்கவும் கோலாலம்பூர்க்காரர் பவர் அனுப்ப வேண்டும், மெட்ராஸில் தவறிப் போனவருக்கு வாரிசுச் சான்று வாங்க வேண்டும்.