மொளகுத்தண்ணியை இங்கிலீஷில் சொல்வது எப்படி?

கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலைக்குப் பேர் மல்லாட்டை. பிலிப்பைன்ஸின் மணிலா நகரம் மணிலாக்கொட்டையாகி, நாக்கில் புரண்டு மல்லாட்டையாக நின்றுவிட்டது. கடன் வாங்கிய சொல்லை ஊர் இப்படித்தான் தனதாக்கிக்கொள்ளும். நம் சொல் ஒன்றை இங்கிலீஷ்காரர்களும் இதேபோல் உருட்டியிருக்கிறார்கள்.

கேட்டரிங் படிக்கும் பிள்ளைகள் நாடுவாரியான சூப்புகளில் இந்தியாவுக்கு நேராக அதைப் பார்ப்பார்கள். இங்கிலீஷில் mulligatawny என்று 12 எழுத்து. எழுத்தைக் கூட்டிப் படித்தால் ‘முல்லிகடவ்னி’ என்று வரும். அது தவறு. ‘மலிகடானி’ என்பதே கிட்டத்தட்டச் சரி. ‘டா’வில்தான் சூட்சுமம். வாயை ஆவுக்கும் ஓவுக்கும் நடுவில் வைத்து, அழுத்தம் முழுவதையும் அங்கே கொடுக்க வேண்டும். ‘க’ தேய்ந்து ஒலிக்கும். எல்லா அசையையும் ஒரே அளவில் சொல்லிப் பழகிய நமக்கு இந்த அழுத்தம்தான் முதலில் வராது. நாலு தடவை உரக்கச் சொன்னால் வந்துவிடும்.

மூலச்சொல் மிளகுத்தண்ணீர் என்று யூலும் பர்னெலும் தொகுத்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி 1886-லேயே சொல்கிறது. ஆனால் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ‘ர்’ இல்லையே! தொடக்கத்திலும் ‘மி’ இல்லை, ‘மு’ போல எழுதியிருக்கிறார்கள். ஏடு பார்த்து எழுதியிருந்தால் இப்படி வந்திருக்காது. வீட்டில் நாம் இன்றும் சொல்கிற ‘மொளகுத்தண்ணி’யைக் காதால் கேட்டு எழுதியதாகவே தோன்றுகிறது. ளகரமும் ணகரமும் அவர்கள் நாக்குக்கு வராததால் லகரமாகவும் னகரமாகவும் ஆகிவிட்டன. ஏதோ ஒரு சமையல்காரரின் பேச்சுத்தமிழ் லண்டன் அகராதியில் ஏறியிருப்பது சாதாரண விஷயமில்லை.

1784-லேயே அந்தப் பெயர் பாட்டில் வந்துவிட்டது. ஹைதர் அலியிடம் பிடிபட்டு பெங்களூர்ச் சிறையில் கிடந்த ஆங்கிலேயக் கடற்படைக்காரர் ஒருவர், தங்களுக்குக் கிடைத்த சாப்பாடாக மொளகுத்தண்ணியையும் கஞ்சியையும் அதில் சொல்கிறார். பிற்பாடு மதராஸ் மாகாணத்து வெள்ளை அதிகாரிகளுக்கே ‘மல்’ என்று பட்டப்பெயர் விழுந்தது, இந்த சூப்பை வைத்துத்தான்.

பெயர் போனதே தவிர பண்டம் அப்படியே போகவில்லை. நம்முடையது மிளகு தட்டிப் போட்ட தெளிந்த ரசம். அங்கே கறி, வெங்காயம், கறிப்பொடி எல்லாம் சேர்ந்து கெட்டியான சூப்பாயிற்று. சிலர் ஆப்பிளும் போடுகிறார்கள். ஆகவே ஓட்டல் மெனுவில் இருப்பதை ‘மலிகடானி’ என்றே கேட்க வேண்டும். ‘மிளகு ரசம்’ என்று கேட்டால் வருவது வேறு.